9,500 டாலருக்கு ஒரு கேம்ரி: ரீபில்ட் டைட்டில் வண்டியை வாங்கலாமா?

டாலஸ் பக்கம் ரிச்சர்ட்சனில் எம்.எஸ். படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "2018 டொயோட்டா கேம்ரி, 92,000 மைல் ஓடியது, 9,500 டாலருக்கு வருகிறது. இதே வண்டிக்கு மற்ற இடங்களில் 14,000 சொல்கிறார்கள். இதன் டைட்டிலில் 'ரீபில்ட் சால்வேஜ்' என்று போட்டிருக்கிறது. விற்பவரைக் கேட்டால், 'முன் பம்பரில் மட்டும்தான் அடி, இன்சூரன்ஸ்காரன் டோட்டல் பண்ணிட்டான், நான் சரிபண்ணிட்டேன்' என்கிறார். எங்களுக்கு ஒன்றரை வருடத்தில் படிப்பு முடிகிறது. ரூம்மேட்ஸ் மூன்று பேர் சேர்ந்து வாங்குகிறோம். வாங்கலாமா?"

உங்கள் நிலைமையில் இந்த வண்டி வேண்டாம், தம்பி. ரீபில்ட் டைட்டில் என்றாலே குப்பை என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. நல்ல ரீபில்ட் வண்டிகள் உண்டு, அவற்றை வருடக்கணக்கில் நிம்மதியாக ஓட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் உங்களிடம் விற்பவர் சொல்லும் கதை டெக்சஸ் சட்டத்தின் கணக்கோடு ஒட்டவில்லை. இங்கே பாடி ஷாப்களுக்கு எஸ்டிமேட் எழுதுவதுதான் என் வேலை என்பதால், அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

டைட்டில் என்பது வண்டி யாருடையது என்று மாநில அரசு கொடுக்கும் பத்திரம், நம்மூர் ஆர்சி புத்தகம் மாதிரி. அடிபட்ட வண்டியைச் சரிசெய்ய ஆகும் செலவு, அதன் மதிப்பில் ஒரு வரம்பைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸ் என்று அறிவிக்கும். சொந்தக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளும். டைட்டிலில் சால்வேஜ் முத்திரை விழும்; வண்டியைச் சரிசெய்த பிறகு அது ரீபில்ட் என்று மாறும். இந்த வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பக்கத்தில் இருக்கும் ஓக்லஹோமாவில் வண்டி மதிப்பில் 60 சதவீதம், நியூயார்க்கில் 75, ஃபுளோரிடாவில் 80. கலிஃபோர்னியாவில் ரிப்பேர் செலவையும், உடைந்த வண்டியை அப்படியே விற்றால் கிடைக்கும் தொகையையும் கூட்டி, அது வண்டியின் மதிப்பைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். டெக்சஸில் 100 சதவீதம். ரிப்பேர் செலவு மட்டுமே அடிபடுவதற்கு முன் இருந்த முழு மதிப்பைத் தாண்ட வேண்டும். அதிலும் பெயின்ட் வேலைக்கான செலவைச் சேர்க்கக் கூடாது.

இப்போது உங்கள் கேம்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே 14,000 டாலர் பெறும் வண்டி என்றால், அடிபட்ட அன்று அதைவிடக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். ஒரு பம்பர், ஒரு கிரில், இரண்டு ஹெட்லைட், ரேடியேட்டர் எல்லாம் மாற்றினால்கூட அந்தத் தொகை வராது. ஓக்லஹோமாவில் டோட்டலாகி இங்கே வந்த வண்டி என்று வைத்துக்கொண்டாலும் 60 சதவீதத்துக்கு 8,000 டாலருக்கு மேல் ரிப்பேர் எஸ்டிமேட் போயிருக்க வேண்டும். முன்பக்க அடியில் அந்த அளவுக்குப் பில் ஏறுகிறது என்றால், என் அனுபவத்தில் இரண்டே வழிதான். ஏர்பேக் வெடித்திருக்கும், அல்லது பம்பருக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்கூடு வளைந்திருக்கும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும். டோட்டல் பண்ணத் தேவையில்லாத வண்டியையும் இன்சூரன்ஸ் கம்பெனி தானாக முன்வந்து சால்வேஜாக எழுதுவது எப்போதாவது உண்டு. ஆனால் "பம்பர் மட்டும்தான்" என்பவர் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். வாய்ச்சொல் போதாது.

பழைய, விலை குறைந்த வண்டிகளுக்கு இதே கணக்கு வேறு மாதிரி போகும். 4,000 டாலர் மதிப்புள்ள 2010 கரோலாவில் ஒரு கதவும் ஒரு பக்க ஏர்பேக்கும் போனாலே டோட்டல் ஆகிவிடும். அடி சின்னது, முத்திரை பெரியது. ரீபில்ட் வண்டிகளில் நல்லவை கிடைப்பது பெரும்பாலும் இந்த வகையில்தான். மதிப்பு அதிகமுள்ள புது மாடல் டெக்சஸில் சால்வேஜ் ஆகியிருக்கிறது என்றால் அங்கே அடி நிஜமாகவே பெரிது.

அடுத்து ஒரு தவறான நம்பிக்கை. "ரீபில்ட் என்று டைட்டில் கொடுத்திருக்கிறார்களே, அரசாங்கமே சோதித்துப் பார்த்துத்தானே கொடுத்திருக்கும்?" என்று நம் ஆட்கள் பலர் கேட்கிறார்கள். சால்வேஜ் டைட்டிலோடு ஒரு வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. சரிசெய்து, ரீபில்ட் என்று மாற்றிய பிறகுதான் பதிவு செய்ய முடியும். அதுவரை உண்மை. ஆனால் டெக்சஸில் அதற்கு முக்கியமாகக் கேட்பது விடிஆர்-61 என்ற படிவம். வண்டியைச் சரிசெய்தவர் எந்தெந்த பாகத்தை மாற்றினார், அது எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, 65 டாலர் கட்டணத்தோடு கொடுப்பார். வெல்டிங் ஒழுங்காக இருக்கிறதா, ஏர்பேக் உள்ளே இருக்கிறதா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சொந்த வண்டிகளுக்கு வருடாவருடம் இருந்த பாதுகாப்புச் சோதனையையும் டெக்சஸ் 2025 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டது. புகைச் சோதனை மட்டும் டாலஸ் உள்ளிட்ட சில கவுன்டிகளில் தொடர்கிறது. நியூயார்க்கில் சால்வேஜ் வண்டியை வரவழைத்துச் சோதிக்கிறார்கள். ஆனால் அது திருட்டுப் பாகங்கள் பொருத்தியிருக்கிறார்களா என்று பார்க்க மட்டுமே, வண்டி ஓட்டத் தகுதியானதா என்பதற்குச் சான்று இல்லை என்று அந்த மாநில வாகனத் துறையான டிஎம்வியே சொல்கிறது.

என்னை உண்மையிலேயே பயமுறுத்துவது ஏர்பேக்தான். 2018 கேம்ரியில் 10 ஏர்பேக் இருக்கின்றன. ஓட்டுநர், பக்கத்து சீட், முழங்கால், பக்கவாட்டுத் திரை என்று வெடித்தவற்றை எல்லாம் கம்பெனி சரக்காகவே மாற்றி, சென்சார், ஏர்பேக்கை இயக்கும் கணினியான கன்ட்ரோல் மாட்யூல், சீட்பெல்ட், டாஷ்போர்டு எல்லாம் புதிதாகப் போட்டால் சில ஆயிரம் டாலர் ஆகும். ஏலத்தில் எடுத்து லாபத்துக்கு விற்பவருக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. அதனால் சிலர் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் போலி இன்ஃப்ளேட்டரை, அதாவது பையை ஊத வைக்கும் பாகத்தை, மாட்டுகிறார்கள். 2024 ஜூலையில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. அதற்கு முந்தைய 9 மாதங்களில் மட்டும் இப்படிப்பட்ட மாற்று இன்ஃப்ளேட்டர்களால் 3 பேர் இறந்திருந்தார்கள், 2 பேர் படுகாயம் அடைந்திருந்தார்கள். எல்லாமே முன்பு ஒரு விபத்தில் சிக்கி, ஏர்பேக் மாற்றப்பட்ட வண்டிகள். உயிர் பிழைத்திருக்கக்கூடிய மோதல்களில், ஏர்பேக்கிலிருந்து இரும்புத் துண்டுகள் கழுத்திலும் மார்பிலும் முகத்திலும் பாய்ந்திருக்கின்றன. வேறு சிலர் ஏர்பேக்கே வைக்காமல், உள்ளே காலியாக விட்டு மூடியை மட்டும் ஒட்டிவிடுவார்கள். அந்த சீட்டில் உங்கள் மூவரில் யாராவது ஒருவர் தினமும் உட்காரப் போகிறீர்கள்.

இதை வண்டி அருகில் நின்றே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரியும். ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். வேறொரு விளக்கோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணைந்தாலும் சந்தேகப்படுங்கள். அணைந்துவிட்டது என்பதாலும் நம்பிவிட முடியாது, சின்ன ரெசிஸ்டரை மாட்டி மாட்யூலை ஏமாற்றுவது சுலபம். மெக்கானிக்கிடம் போகும்போது ஏர்பேக் மாட்யூலைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். இன்ஜின் கோடு மட்டும் படிக்கும் சாதாரணக் கருவி இதற்கு உதவாது.

பிறகு சீட்பெல்ட். ஓட்டுநர் பக்கத்து பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். அடியில், தரையில் மாட்டியிருக்கும் முனைக்கு அருகில் ஒரு சின்னத் துணி லேபிள் தைத்திருக்கும், அதில் தயாரித்த தேதி இருக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும். இரண்டையும் ஒப்பிடுங்கள். வண்டி 2018, பெல்ட் 2022 என்றால் அந்த வண்டி பெல்ட்டை இறுக்கும் அளவுக்கு மோதியிருக்கிறது, ஆனால் மாற்றியவர் ஒழுங்காக மாற்றியிருக்கிறார். ஏர்பேக் வெடித்தது உறுதியாகத் தெரிந்தும் பெல்ட் லேபிள் பழைய தேதியிலேயே இருந்தால் அதுதான் மோசம். மோதும்போது பெல்ட்டை இறுக்கும் பிரிடென்ஷனர் வெடித்துத் தீர்ந்த நிலையிலேயே அதே பெல்ட் திரும்ப மாட்டப்பட்டிருக்கலாம். முழுக்க இழுத்த பெல்ட்டில் கறைக்கோடு தெரிந்தால் அது தண்ணீர் நின்ற மட்டம். அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு என்னிடம் ஒரே பதில்: எந்த விலைக்கும் வேண்டாம். 2017இல் ஹார்வி புயலில் ஹூஸ்டனில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டிகள் துடைத்து, சோப்பு வாசனையோடு மாநிலம் மாநிலமாகப் போகும். வயரிங் கனெக்டருக்குள் பச்சை பூத்து, ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாகச் சாகும். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டி என்றால் இன்னும் ஆபத்து. 2022இல் ஃபுளோரிடாவில் இயன் புயலின்போது கடல்நீரில் நனைந்த எலெக்ட்ரிக் வண்டிகள் சில, நாட்கள் கழித்துத் தானாகத் தீப்பிடித்தன. சீட் முன்பின் நகரும் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் ஈரம். இவற்றில் ஒன்று தெரிந்தாலே போதும், விலகிவிடுங்கள்.

இனி மிக முக்கியமானது. ரீபில்ட் வண்டியில் நீங்கள் பார்க்க வேண்டியது இன்றைய பளபளப்பை அல்ல, சரிசெய்வதற்கு முந்தைய போட்டோவை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் டோட்டலான வண்டிகளைப் பெரும்பாலும் கோபார்ட், ஐஏஏ என்ற இரண்டு பெரிய ஏல நிறுவனங்கள் வழியாகத்தான் விற்கின்றன. கோபார்ட்டின் தலைமையகம் உங்கள் டாலஸிலேயேதான் இருக்கிறது. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு வண்டியையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துப் போடுவார்கள். முதன்மைச் சேதம் எங்கே, சாவி இருக்கிறதா, இன்ஜின் ஓடுகிறதா என்றெல்லாம் எழுதியிருக்கும். வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணான விஐஎன்னை அப்படியே கூகுளில் போட்டுத் தேடுங்கள். பழைய ஏலப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் தளங்களில் பல நேரம் அந்தப் படங்கள் கிடைத்துவிடும். ஸ்டீயரிங்கிலிருந்து வெள்ளைப் பை தொங்குகிறதா, முன்சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறதா, கதவுக்கும் முன் ஃபெண்டருக்கும் இடையில் இடைவெளி மூடிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். கதவு இடைவெளியே மாறியிருந்தால் அடி பம்பரைத் தாண்டி, சஸ்பென்ஷனைத் தாங்கும் பாகம்வரை போயிருக்கிறது. இணையத்தில் கிடைக்கவில்லை என்றால் விற்பவரிடமே கேளுங்கள். நேர்மையாக வண்டி கட்டி விற்பவர்கள் முன், பின் படங்களையும் பாகங்கள் வாங்கிய ரசீதையும் பெருமையாகவே காட்டுவார்கள். "அதெல்லாம் எங்கப்பா இருக்கு" என்பவரிடம் வாங்காதீர்கள். படம் இல்லையென்றால் வண்டி இல்லை என்பதில் நான் யாருக்கும் விதிவிலக்கு கொடுப்பதில்லை.

கூடவே, இன்சூரன்ஸ் மோசடிகளைத் தடுக்கும் என்ஐசிபி அமைப்பின் தளத்தில் விஐஎன்னைச் சரிபார்க்கும் விஐஎன்செக் வசதி இலவசம். என்எம்விடிஐஎஸ் என்ற மத்திய அரசின் டைட்டில் தகவல் தொகுப்பிலிருந்து எடுக்கும் அறிக்கைக்குச் சில டாலர்தான் ஆகும். எந்த மாநிலத்தில் எந்தத் தேதியில் முத்திரை விழுந்தது என்று அதில் தெரியும். வண்டி ஓக்லஹோமாவிலிருந்து வந்ததா, ஹூஸ்டனிலிருந்து வந்ததா, அந்த மாதத்தில் அங்கே வெள்ளம் வந்ததா என்று அதை வைத்தே கணிக்கலாம். கார்ஃபேக்ஸ் என்ற வண்டி வரலாற்று அறிக்கையை எடுத்தால் சர்வீஸ் விவரங்களும் கிடைக்கும், ஆனால் அதில் ஒன்றும் இல்லாததால் ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என்ஹெச்டிஎஸ்ஏ தளத்தில் ரீகால் (குறையைச் சரிசெய்ய கம்பெனி வண்டியைத் திரும்ப அழைப்பது) பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் தேறினால்தான் பணம் செலவழித்துச் சோதிக்க வேண்டும். விற்பவருக்குத் தெரிந்த கடைக்குப் போகாமல் நீங்களே ஒரு பாடி ஷாப்பைத் தேடுங்கள். சாதாரண மெக்கானிக் இன்ஜினைப் பார்ப்பார், உங்களுக்கு வேண்டியது எலும்புக்கூட்டைப் பார்க்கத் தெரிந்தவர். வீல் அலைன்மென்ட் செய்யும் இடத்தில் நான்கு சக்கரத்துக்கும் அளவெடுத்துத் தாளில் அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். சரிசெய்யவே முடியாத ஓர் அளவு சிவப்பில் வந்தால் ஏதோ வளைந்திருக்கிறது. உங்கள் கேம்ரியில் இன்னொன்று. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானாக பிரேக் பிடிக்கும் ரேடார், முன் கிரில்லில் உள்ள டொயோட்டா சின்னத்துக்குப் பின்னால் இருக்கிறது. முன்பக்கம் அடிபட்ட வண்டியில் அந்த ரேடாரைப் பொருத்திய பிறகு அளவுசரி செய்தாக வேண்டும். ரேடாருக்காகவே செய்த சின்னத்துக்குப் பதில் மலிவான சின்னத்தை ஒட்டினாலும் கணக்கு தப்பும். அந்தக் கேலிபிரேஷன் ரசீதைக் கேளுங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். ரீபில்ட் வண்டிகள், சால்வேஜ் முத்திரையே விழாத கிளீன் டைட்டில் வண்டியைவிட 20 முதல் 40 சதவீதம் குறைவாகப் போகும். 4,500 டாலர் மிச்சம் என்று நீங்கள் நினைப்பது வாங்கும் நாளில் மட்டும்தான். ஒரு கணக்குக்கு, ஒன்றரை வருடம் கழித்து கிளீன் டைட்டில் கேம்ரி 11,000க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 14,000 கொடுத்தவர் இழப்பது 3,000. உங்கள் வண்டியையும் ரீபில்ட் என்பதால் குறைத்துத்தான் கேட்பார்கள். 7,000க்கு விற்றால் உங்கள் இழப்பு 2,500. இவ்வளவு அலைச்சலுக்கும் ஆபத்துக்கும் மிச்சம் 500 டாலர், சோதனைச் செலவில் அதில் பாதி போய்விடும். வேலை கிடைத்து வேறு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் விற்கும்போது 7,000கூட வராமல் போகலாம். சில டீலர்கள் ரீபில்ட் வண்டியை எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள்.

இன்சூரன்ஸும் அப்படித்தான். டெக்சஸ் கட்டாயமாக்கும் 30/60/25 லயபிலிட்டி (நீங்கள் மற்றவருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கும் சேதத்துக்கும் ஆயிரம் டாலர் கணக்கில் உள்ள காப்பீட்டு வரம்பு) கிடைத்துவிடும். உங்கள் வண்டிக்கான சேதத்தையும் சேர்த்துத் தரும் ஃபுல் கவரேஜைச் சில கம்பெனிகள் ரீபில்டுக்குத் தர மறுக்கும், சில கூடுதல் பணம் கேட்கும். விலை பேசுவதற்கு முன்பே விஐஎன்னைச் சொல்லி எழுத்தில் கோட் வாங்குங்கள். யாரோ வந்து உங்கள் மீது மோதினாலும், அவருடைய இன்சூரன்ஸ் உங்கள் வண்டிக்கு ரீபில்ட் விலைதான் போடும். வங்கிக் கடன் கிடைப்பதும் கஷ்டம், ஆனால் மாணவர்கள் பெரும்பாலும் ரொக்கமாக வாங்குவதால் அது உங்களுக்குப் பொருட்டில்லை.

அப்படியானால் இந்த வண்டிகள் யாருக்கு? வாங்கி, ஓடும்வரை ஓட்டி, கடைசியில் காயலான் கடைக்கு விடுகிறவருக்கு. விற்கும் எண்ணமே இல்லாதவருக்கு, டோட்டல் ஆன காரணம் படத்தோடு தெரிந்திருந்தால், 30 சதவீதத் தள்ளுபடி நிஜமான லாபம். கூரையிலும் பானட்டிலும் ஆலங்கட்டி மழை குழி விழுந்து, வெளிமாநிலத்தில் சால்வேஜ் ஆன வண்டி நல்ல வாய்ப்பு. டெக்சஸ் சட்டம் ஆலங்கட்டிச் சேதத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, சில மாநிலங்கள் சேர்க்கின்றன. திருடுபோய், இன்சூரன்ஸ் பணம் கொடுத்த பிறகு திரும்பக் கிடைத்த வண்டியும் அப்படித்தான். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டு போனதோடு முடிந்திருக்கும் சில. பின்பக்கம் லேசான அடி, ஏர்பேக் வெடிக்கவில்லை என்று படம் சொன்னால் அதையும் யோசிக்கலாம்.

உங்கள் மூவருக்கும் என் யோசனை இது. அதே 9,500க்கு, அல்லது அதற்கும் குறைவாகவே, கிளீன் டைட்டிலோடு நான்கைந்து வருடம் பழைய மாடலாக, மைல் கொஞ்சம் கூடுதலாக ஓடிய கரோலாவோ சிவிக்கோ தேடுங்கள். பெயின்ட் மங்கியிருக்கும், டச் ஸ்கிரீன் சின்னதாக இருக்கும். ஒன்றரை வருடம் கழித்து அடுத்த பேட்ச் மாணவர்கள் வந்து இறங்கும் ஆகஸ்டில் ஒரே வாரத்தில் விற்றுவிடலாம். ஏலத்தில் உடைந்த வண்டி எடுத்துச் சரிசெய்து விற்றால் நல்ல காசு என்று யாராவது ஆசை காட்டினால், எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும்போது அந்த வியாபாரத்தில் இறங்காதீர்கள். அனுமதியில்லாத வேலை என்ற சிக்கல் வந்தால் படிப்பே கேள்விக்குறியாகும்.

எந்த வண்டியானாலும் டைட்டிலில் இருக்கும் பெயரும் விற்பவரின் டிரைவிங் லைசன்ஸில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு யாரோ கையெழுத்துப் போட்ட டைட்டிலை நீட்டினால், அவர் லைசன்ஸ் இல்லாமல் வண்டி வியாபாரம் செய்கிறவராக இருக்கலாம், பின்னால் பிரச்சினை வந்தால் அவரைப் பிடிக்க முடியாது. பணத்தை பார்க்கிங் லாட்டில் வைத்துக் கொடுக்காமல், விற்பவரையும் அழைத்துக்கொண்டு கவுன்டி டாக்ஸ் ஆபீஸுக்குப் போங்கள். டைட்டில் மாற்றுவதற்கான 130-யூ விண்ணப்பப் படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு, கவுன்டரில் டைட்டிலை வாங்கிப் பார்த்து, பெயர் மாற்றம் நடந்த பிறகு பணத்தைக் கொடுங்கள். மூவர் சேர்ந்து வாங்குவதால், டைட்டிலில் யார் பெயர், இன்சூரன்ஸில் எந்தெந்த ஓட்டுநர் பெயர் என்பதை அதற்கு முந்தின நாளே பேசி முடிவு செய்துவிடுங்கள். ஓட்டப்போகும் மூன்று பேரையும் பாலிசியில் சொல்லிச் சேர்த்துவிடுங்கள்.